ஜென்மப்பாவம் போச்சு, ஜென்மம் போகல

என் தம்பிக்குப் பையன் பிறந்து ஆறு மாசம் ஆகிறது. அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறதா வேணாமா, கொடுத்தால் எந்தச் சபையில், எந்த வயசில், எவ்வளவு தண்ணியில் என்று எங்கள் வீட்டில் நடந்த பஞ்சாயத்து இருக்கிறதே, அதை எழுதினால் ஒரு திருச்சபை வரலாறே தேறும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் காலனியொன்றில் இருக்கிறது எங்கள் வீடு. 'நமக்கெதுக்கு இந்தச் சாமியார்கள் சண்டை, தலித் அரசியல் பேசுகிற பத்திரிகையில் ஞானஸ்நானத்துக்கு என்ன வேலை' என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் ஒரு ஞானஸ்நானப் பெயர் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்குக் கோவில் ரிஜிஸ்தரில் மிக்கேல், பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் முருகேசன். அந்த முருகேசன் தயவில்தான் நான் எம்.ஏ. தமிழ் வரைக்கும் படித்தேன்.

வீட்டில் நாலு கட்சி.

அப்பாவைப் பெற்ற ஆயா பழைய கத்தோலிக்கம். எண்பது தாண்டிவிட்டது. பிள்ளை பிறக்கும்போதே ஜென்மப்பாவத்தோடு பிறக்கிறது, தண்ணி ஊத்தினால்தான் அது கழுவப்படும், ஊத்தாமல் செத்தால் மோட்சமில்லை. இது ஆயாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1547-இல் திரெந்து சங்கம், ஞானஸ்நானம் இரட்சிப்புக்குத் தேவையில்லை என்பவன் சபிக்கப்பட்டவன் என்று தீர்மானமே போட்டது. தண்ணீர் கிடைக்காதவனுக்கு ஆசை ஞானஸ்நானம், விசுவாசத்துக்காக வெட்டுப்பட்டவனுக்கு இரத்த ஞானஸ்நானம் என்று இரண்டு சலுகை உண்டு. பச்சைப் பிள்ளைக்கு ஆசைப்படத் தெரியாதே, அது என்ன ஆகும்? அதற்காக லிம்போ என்று மோட்சமுமில்லாத நரகமுமில்லாத ஒரு இடத்தை வேதசாஸ்திரிகள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அப்படிச் செத்த பிள்ளைகளை மந்திரித்த கல்லறைக்குள் விடாமல் வேலியோரம் புதைத்ததை ஆயா பார்த்திருக்கிறாள். 2007-இல் ரோமின் சர்வதேச இறையியல் ஆணையம் அந்தப் பிள்ளைகளுக்கும் இரட்சிப்பு உண்டென்று நம்ப இடமிருக்கிறது என்று அறிக்கை விட்டது. ஆயாவிடம் சொன்னேன். "வேலியோரம் பொதச்சாங்களே, அதுங்கள இப்ப யாருடி உள்ள எடுத்து வெப்பா?" என்றாள்.

மாமா, அம்மாவின் அண்ணன், ஆற்காடு லுத்தரன் சபை. அவருக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் தெளிக்கலாம், தெளிக்க வேண்டும். 1530-ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் ஞானஸ்நானம் தேவை என்றுதான் சொல்கிறது. ஆனால் வேலை செய்வது வெறும் தண்ணீர் அல்ல, தண்ணீரோடு சேர்ந்த கடவுளின் வார்த்தை; அதைப் பிடித்துக்கொள்வது விசுவாசம். கைப்பிள்ளைக்கு விசுவாசம் எப்படி வரும் என்று சின்னம்மா கேட்டால் மாமாவுக்குக் கோபம் வந்துவிடும்.

சின்னம்மா பெந்தெகொஸ்தே. பத்து வருஷத்துக்கு முன்னால் கச்சிராயபாளையத்துக்கு மேலே கோமுகி அணைத் தண்ணீரில் வெள்ளைச் சேலையோடு முங்கி எழுந்தவள். முதலில் மனந்திரும்பணும், வாயால் அறிக்கை பண்ணணும், அப்புறம்தான் முழுக்கு. தெளிப்பு எல்லாம் செல்லாது. இந்தக் கட்சிக்கும் வம்சாவளி உண்டு. 1525-இல் சூரிச் நகரத்தில் சிலர் குழந்தை ஞானஸ்நானத்தைத் தள்ளிவிட்டு வளர்ந்தபிறகு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். 1527-இல் அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாத் ஆற்றில் முக்கியே கொன்றார்கள். கொன்றவர்களும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்தான். அந்த ஒரே வீட்டுக்குள்ளும் எத்தனை அறை! இரட்சிப்பு விசுவாசத்தால் வந்துவிட்டது, தண்ணீர் வெளியடையாளம்தான் என்பவர்கள் பாப்டிஸ்டுகள். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன் எந்த ஆற்றில் முங்கினான் என்று கேட்பார்கள். தண்ணீரில் இறங்காதவனுக்கு இரட்சிப்பு கிடையாது என்று சாதிக்கிற 'கிறிஸ்துவின் சபை'க்காரர்கள் ஒரு பக்கம். இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுத்தால்தான் செல்லும், பிதா சுதன் ஆவி என்று மூன்று பெயர் சொன்னால் செல்லாது என்பவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் யாரோடும் சேராமல், பெயரிலேயே இரட்சிப்பை வைத்திருக்கிற இரட்சணிய சேனை தண்ணீரே வேண்டாம் என்று விட்டுவிட்டது. அங்கே கொடிக்குக் கீழே நின்று உறுதிமொழி.

நாலாவது கட்சி தம்பி. அவன் பேசுவது வேதசாஸ்திரம் இல்லை. "அக்கா, ரிஜிஸ்தர்ல பேரு ஏறினா நாளைக்கு இவனுக்கு எஸ்.சி. சர்ட்டிபிகேட் போச்சு. யாரு பொறுப்பு?" என்கிறான்.

இந்த நாலில் எதுவும் அற்பமான வாதம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பகுத்தறிவு நண்பர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலாக ஐரோப்பாவும் ஆசியாவும் அடித்துக்கொண்ட ஒரு கேள்வி எங்கள் காலனித் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறது என்றால் அதைச் சும்மா தள்ள முடியாது. என் விமர்சனம் வேறு. தண்ணீர் இரட்சிக்குமா, விசுவாசம் இரட்சிக்குமா, எவ்வளவு தண்ணீர், எந்த வயசு என்று இவ்வளவு நுட்பமாகப் பேசிய சபைகள் 'எதிலிருந்து இரட்சிப்பு' என்று எங்களைக் கேட்கவே இல்லை. பாவம் என்றால் என்னவென்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். குடி, சினிமா, பொட்டு, பீடி என்று அதற்கொரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சாதி இல்லை.

அதைக் கேட்ட ஒருவர் பக்கத்துக் கேரளத்தில் இருந்தார். பொய்கையில் யோகன்னான், 1879-இல் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். மார்த்தோமா சபை, பிரதரன் சபை என்று ஒவ்வொன்றாகப் புகுந்து வெளியேறினார். கடைசியில் 1909-இல் தொடங்கிய தன் சபைக்குப் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபை என்று பெயர் வைத்தார். ரட்சை என்ற சொல் அங்கே கண்முன்னால் நடக்கவேண்டிய ஒன்றாக மாறிவிட்டது. மாடு மாதிரி விற்கப்பட்ட முன்னோர்களின் அடிமைக் காலத்தை நினைத்து அழுவது அங்கே வழிபாட்டின் நடுமையம். எந்த வேதகலாசாலையும் அதை ஞானஸ்நானம் பற்றிய ஒரு கோட்பாடாக எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணுகிறேன்.

ஆயாவின் கதையொன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ஆயா மருத்துவச்சி. காலனியில் மட்டுமல்ல, குடித்தெருவிலும் அவள்தான் பிள்ளை எடுத்தாள். பின்வாசல் வழியாகப் போவாள், பின்வாசல் வழியாக வருவாள். அங்கேயும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், சாதிக் கிறிஸ்தவர்கள். ஒருமுறை அங்கே குறைமாசத்தில் பிறந்த பிள்ளை மூச்சு விடத் திணறியிருக்கிறது. சாமியார் வர நேரமில்லை. கத்தோலிக்கச் சட்டப்படி ஆபத்துச் சமயத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பெண் கொடுக்கலாம், ஞானஸ்நானம் பெறாத புறமதத்தான்கூடக் கொடுக்கலாம். தண்ணீர் ஊற்றணும், மூன்று பெயரைச் சொல்லணும், திருச்சபை செய்வதைச் செய்கிற எண்ணம் இருக்கணும், அவ்வளவுதான். மருத்துவச்சிகளுக்கு இதைச் சாமியார்களே சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். ஆயா சொம்பில் இருந்த தண்ணீரை ஊற்றி வார்த்தையைச் சொன்னாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. பிறகு சாமியார் வந்து விசாரித்து, கொடுத்தது செல்லும், மறுபடி கொடுக்கக்கூடாது என்று சொல்லி மிச்சச் சடங்கை மட்டும் கோவிலில் முடித்தார். ரிஜிஸ்தரில் ஆயா பெயர் இல்லை. அது கிடக்கட்டும். அன்றைக்கு அந்த வீட்டில் தாகத்துக்குத் தண்ணி கேட்டபோது கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். அவள் கை ஊற்றின தண்ணீர் அவர்கள் பிள்ளையை மோட்சத்துக்கு அனுப்பும், அவர்கள் சொம்பை மட்டும் அவள் கை தொடக்கூடாது.

தண்ணீரை யார் கை ஊற்றுகிறது என்பது முக்கியமில்லை என்ற இந்தக் கோட்பாடு எவ்வளவு பெரிய வெடிகுண்டு! கொடுப்பவனின் யோக்கியதையால் சடங்கு கெடாது என்று அகுஸ்தினார் காலத்தில் வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்டு நிறுவியது அது. லுத்தரன்களும் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நம் ஊருக்கு வந்தபோது அந்த வெடிகுண்டு தண்ணீரில் நனைந்துபோனது. தரங்கம்பாடியில் 1707-இல் சீகன்பால்கு கொடுத்த முதல் ஞானஸ்நானம் ஐந்து பேருக்கு. ஐந்து பேரும் டேனியர் வீட்டு அடிமைகள். அப்படித் தொடங்கிய சபையில் சில பத்தாண்டுகளுக்குள் பறையர் தனியாக, சூத்திரர் தனியாக உட்கார்ந்தார்கள். அங்கே இராசநாயக்கன் என்று ஒரு உபதேசியார், நம்மவர். படைவீரராக இருந்து தானே வேதம் படித்து வந்தவர். வெள்ளாளரான ஆரோனுக்கு 1733-இலேயே குருப்பட்டம் கொடுத்தாயிற்று. இராசநாயக்கனுக்குக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, அவர் கையிலிருந்து சூத்திரக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் விட்டுவிட்டார்கள். கொடுப்பவன் யோக்கியதை பொருட்டில்லை என்ற விசுவாச அறிக்கை அந்தச் சமயம் எந்த அலமாரியில் இருந்ததோ.

புதுச்சேரிக் கதை இன்னும் நுட்பமானது. பழைய ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தன் எச்சிலைத் தொட்டுப் பிள்ளையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். இயேசு செவிடனைக் குணமாக்கிய நிகழ்ச்சியின் நினைவு அது. மேல்சாதியிலிருந்து வந்தவர்களுக்கு எச்சில் தீட்டு. மதுரை மிஷன் சேசு சபையார் அதை நைசாக விட்டுவிட்டார்கள். கப்புச்சின் சபையார் புகார் செய்தார்கள். போப்பாண்டவர் தூதராக வந்த தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் ஒரு ஆணை போட்டார். எச்சில் தொடும் சடங்கை விடக்கூடாது. சாகக்கிடக்கிற பறையர்களின் குடிசைக்குள்ளேயே போய்க் கடைசிச் சடங்கைக் கொடுக்கவேண்டும். இரண்டும் ஒரே ஆணையில் இருக்கின்றன. நாற்பது வருஷம் இழுத்தது வழக்கு. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் முடித்து வைத்தபோது, பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்குகிற ஏற்பாட்டை ரோமாபுரி ஏற்றுக்கொண்டது. பிராமண சந்நியாசி வேஷம் போட்ட குரு ஒரு பக்கம், நமக்கு வேறு குரு.

இதை மலபார்ச் சடங்குச் சர்ச்சை என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் பண்பாட்டுத் தழுவல், உள்ளூர் மரபுக்கு மரியாதை என்று பாராட்டி எழுதுகிறார்கள். யாருடைய மரபு, யாருக்கு மரியாதை? ஒரு மனுஷனின் எச்சில் மேலே பட்டால் அருவருக்கிறவன் ஞானஸ்நானத்துக்குத் தயாரானவன்தானா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எச்சில் இல்லாமல் சடங்கு முழுமையாகுமா என்று நாற்பது வருஷம் பேசினார்கள். எச்சில் இலை எடுத்தே வயிறு வளர்த்த ஜனத்துக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும். சொல்லையே பாருங்கள். ஸ்நானம். குளித்துத் தீட்டுக் கழிக்கிறவன் வீட்டுச் சொல். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் திருமுழுக்கு என்று தமிழாக்கிவிட்டார்கள், நல்லதுதான். எங்கள் ஆயா இரண்டையும் சொல்வதில்லை. 'தண்ணி ஊத்தறது' என்பாள்.

சாதியை விட்டால்தான் தண்ணீர் என்று சொன்னவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனே முற்றாக ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் முதலானவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி மேலே போனது. பறையர் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுச் சாதியை முறித்ததாகக் காட்டாத யாரையும் ஞானஸ்நானத்துக்கோ நற்கருணைக்கோ ஏற்கக்கூடாது என்று தீர்மானம். லைப்சிக் மிஷன் மட்டும் சேரவில்லை. அதன் தலைவர் கிரவுல், குறளை ஜெர்மனில் கொண்டுபோனவர், சாதி ஒரு சமூக வழக்கம், பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கட்சி. அதைப் பொறுக்காமல் லைப்சிக்கை விட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ் என்பவர் நம் தென்னார்க்காட்டில், பண்ருட்டிப் பக்கத்துப் பட்டாம்பாக்கத்தில், தனியாக ஒரு மிஷன் நிலையத்தைத் தொடங்கி 1860-களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். மாமாவின் ஆற்காடு லுத்தரன் சபைக்கு அதுதான் வேர். சாதியை எதிர்த்த ஒரு பிரிவினையில் பிறந்த சபை! மாமாவிடம் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம்மா" என்றார். அவர் சபையில் யாருக்கு யார் பெண் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1850 தீர்மானத்தைக் கொண்டாடவும் எனக்கு முழுமனசு இல்லை. பறையன் வீட்டுச் சோறு அங்கே ஒரு பரீட்சைத்தாள். எழுதுகிறவன் மேல்சாதிக்காரன், திருத்துகிறவன் வெள்ளைக்காரன். சமைத்தவளை யாரும் பந்தியில் உட்காரச் சொன்னார்களா? ஒருவேளைச் சாப்பிட்டு எழுந்து கைகழுவிவிட்டுப் போனால் சாதி முறிந்துவிடுமா? இவ்வளவும் இருந்தாலும், அந்த ஒரு காலத்தில் தண்ணீருக்கு முன்னால் சாதியைப் பற்றிய கேள்வி இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் காணோம்.

காணாமல் போனதன் விளைவை வெளியே எங்கும் தேடவேண்டாம். உளுந்தூர்பேட்டை வட்டத்து எறையூர், இன்று எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம். செபமாலை மாதா கோவில், பெரிய பங்கு. வன்னியர் கிறிஸ்தவர்கள், தலித் கிறிஸ்தவர்கள். எல்லோருக்கும் ஒரே தொட்டியில் ஒரே ஞானஸ்நானம். உட்காரத் தனி இடம், செத்தால் தனிக் கல்லறை, பிணம் போகத் தனி வழி. பொறுத்துப் பார்த்த நம் ஜனங்கள் சகாய மாதா பேரில் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கிக் கொடு என்று மறைமாவட்டத்தைக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9-ஆம் தேதி அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இரண்டுபேர் செத்தார்கள். செத்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அடிபட்டவர்களும் பெற்றவர்கள்.

கத்தோலிக்க சாஸ்திரம் ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கிறது என்கிறது. எந்தப் பாவத்தாலும் அழியாதாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த அழியாத முத்திரைக்கு மேலே இன்னொரு அழியாத முத்திரை இருக்கிறதே, அதற்கு என்ன பதில்? ஜென்மத்தோடு வந்த பாவத்தைக் கழுவுகிற தண்ணீர் ஜென்மத்தை மட்டும் தொடாமல் ஓடுகிறது. பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஞானஸ்நானத்தையும், அடிமை எஜமான் வித்தியாசம் ஒழிவதையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார். அது ஆவிக்குரிய சமத்துவம் என்று பிரசங்கத்தில் சமாதானம் சொல்கிறார்கள். பாடை ஆவியில் போகவில்லை, தெருவில்தான் போகிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், நாட்டிலுள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. தனி வழியில் பிணம் தூக்குகிறவர்கள் சிறுபான்மையில்லை என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது.

நம் எழுத்தாளர்கள் இதை வேதசாஸ்திரிகளைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. மடத்தை விட்டு வெளியேறிய பெண்ணின் சாட்சியம். நான் அதிகம் திரும்பிப் போவது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). ஆரோக்கியம், சவுரி, பீட்டர், மேரி. பெயரெல்லாம் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எடுத்தவை. செய்கிற வேலை காலனி ஜனங்களின் தீட்டுத்துணி வெளுப்பது. அந்த நாவல் நம்மை நாமே காட்டிக்கொடுக்கிறது என்று அன்று ஒரு விவாதம் நடந்தது. எனக்கும் கல்லூரியில் படித்தபோது கோபம்தான் வந்தது. இப்போது படித்தால், அதில் வருகிற தண்ணீர் முழுக்க ஆரோக்கியம் கையால் இறைத்து ஊற்றியதாக இருக்கிறது. ஊரைக் கழுவி வெளுக்கிறவளை அவள் பெற்ற ஞானஸ்நானம் எங்கேயும் கொண்டுசேர்க்கவில்லை. மகனைச் சாமியாராக்கவேண்டும் என்ற ஆசை மட்டும் மிச்சம். அவளைத் தள்ளிவைக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். புதிரை வண்ணார் வீட்டில் நம்மில் எத்தனைபேர் சாப்பிட்டிருக்கிறோம்? 1850-ஆம் வருஷத்துப் பரீட்சைத்தாளை நம்மிடம் நீட்டினால் நாமும்தான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காருவோம்.

இனித் தம்பியின் கட்சிக்கு வருகிறேன். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகார் என்கிறது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்பு தைத்த தொழிலாளி ஒருவருக்கு இலவசப் பங்க் கடை மறுக்கப்பட்ட சூசை வழக்கு 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று சொன்னார்கள். 2023-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டு அனுப்பியது. 2024 நவம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண்ணொருவரின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானப் பதிவையும், கோவிலுக்குப் போய்வந்ததையும் எடுத்துவைத்து, நீ கிறிஸ்தவள், இடஒதுக்கீட்டுக்காக இந்து என்கிறாய், இது அரசியல் சாசனத்தின் மேல் செய்கிற மோசடி என்று.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? குழந்தை ஞானஸ்நானம் ஒருவரைக் கிறிஸ்தவராக்குமா என்று சபைகள் ஐந்நூறு வருஷமாக அடித்துக்கொள்கின்றன. ரிஜிஸ்தரைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அரசாங்கம் ஆயாவின் கட்சிக்குப் போய்விட்டது. சின்னம்மா கட்சிப்படி அந்தப் பெண்ணுக்கு அது ஞானஸ்நானமே இல்லை, தண்ணி பட்டது, அவ்வளவுதான். இன்னொன்று. ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவாது என்பது எறையூர் நடைமுறை. கழுவிவிட்டது என்பது அரசாங்கத்தின் நடைமுறை. கல்லறைக்குப் போனால் பறையன், தாலுகா ஆபீசுக்குப் போனால் வெறும் கிறிஸ்தவன். ஒரே தண்ணீர் ஒரு இடத்தில் ஒன்றுமே செய்யவில்லை, இன்னொரு இடத்தில் எல்லாமே செய்துவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. ஜாகிர்தார்கள் பிடியில் 1976 வரைக்கும் கிடந்த மலை. அங்கிருக்கிற மலையாளிப் பழங்குடிகள் ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக்கொட்டியவர்கள். சின்னம்மா சபைப் பாஸ்டர் மாசம் ஒருமுறை வெள்ளிமலைப் பக்கம் ஊழியத்துக்குப் போகிறவர். மலைமேல் ஒரு மலையாளி இளைஞனுக்கு அவர் முழுக்குக் கொடுத்தால் அவன் பழங்குடிச் சான்றிதழ் அப்படியே இருக்கும். பழங்குடிப் பட்டியல் ஆணையில் மதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதே பாஸ்டர் மலையிறங்கி வந்து கோமுகியில் எங்கள் காலனிப் பையனை முக்கினால் அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவான். மலைமேல் இருக்கிறவர்களுக்கு அந்த உரிமை இருப்பது சரி, அது நியாயம். ஆனால் மேலிருந்து கீழே ஓடிவருகிற அதே ஆற்றுத்தண்ணிக்கு இருபது முப்பது கிலோமீட்டரில் குணம் எப்படி மாறியது என்று எந்த நீதிபதியாவது சொல்லட்டும்.

இத்தனை கோட்பாடுகளில் எனக்குச் சம்மதமானது எது என்று கேட்டால், யோசிக்காமல் சின்னம்மா பக்கம் சாய்வேன். பிறப்பால் எதுவும் வராது, வளர்ந்து, தெரிந்து, தானே முடிவு பண்ணி இறங்கணும் என்பது சாதிக்கு நேர் எதிரான நினைப்பு. அப்பன் கிறிஸ்தவன் என்பதால் பிள்ளை கிறிஸ்தவனாகான் என்று சொல்லத் துணிந்த சபை, அப்பன் சாதியால் பிள்ளைக்குச் சாதி வராது என்றும் சொல்லலாமே! சொல்லவில்லை. எல்லாம் கழுவியாச்சு என்பதால் சாதியைப் பற்றிப் பேசுவதே மாம்சத்தின் கிரியை என்று வாயடைக்கிறார்கள். கல்யாணம் என்று வரும்போது மாத்திரம் மாம்சம் திரும்பி வந்துவிடுகிறது. ஆயா கட்சியிலும் எனக்கு ஒன்று வேண்டும். கொடுத்ததை எவனும் எடுக்கமுடியாது, எந்தக் கையும் கொடுக்கலாம் என்பது. அது நம் கையில் இருக்கவேண்டிய உரிமை.

ஞானஸ்நானம் கொடுக்கும் முன் பிசாசை விட்டுவிடுகிறாயா, அவன் கிரியைகளை விட்டுவிடுகிறாயா என்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். பிள்ளைக்காக ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் பதில் சொல்வார்கள். அந்த இடத்தில் சாதியை விட்டுவிடுகிறாயா என்று கேட்கட்டும், பெயர் சொல்லிக் கேட்கட்டும். எறையூரிலும் கேட்கட்டும், எங்கள் காலனியிலும் கேட்கட்டும். விடமாட்டேன் என்பவனுக்குத் தண்ணீரை நிறுத்தி வைக்கட்டும். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அம்பேத்கர் மதம் மாறியபோது 22 உறுதிமொழிகள் சொல்லவைத்தார். எதை விடுகிறோம், எதை ஏற்கிறோம் என்று ஒவ்வொன்றாக. மனிதர் எல்லோரும் சமம் என்பது அதிலொன்று. தண்ணீர்த் தொட்டி எதுவும் இல்லை, கேள்வி மட்டும் இருந்தது. தொட்டி வைத்திருக்கிறவர்கள் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்வதால் எந்த சாஸ்திரம் இடிந்துவிடும்? ஆயர்கள் கொள்கை அறிக்கை எழுதுகிறார்கள், சடங்குப் புத்தகத்தில் கைவைக்க மாட்டேன் என்கிறார்கள். அறிக்கையைப் படிப்பவர் நூறுபேர். சடங்குக் கேள்வி ஒவ்வொரு பிள்ளையின் தலைக்குமேலும் கேட்கப்படும்.

தம்பி பையன் விவகாரம் எப்படி முடிந்தது என்று சொல்லவேண்டும். போன மாசம் பிள்ளைக்கு ராத்திரியில் காய்ச்சல் ஏறி வெட்டு இழுத்தது. தம்பி ஆட்டோ பிடிக்க ஓடினான். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துக்கொண்டு நான் உள்ளேயிருந்து வந்தால், ஆயா மடியில் பிள்ளை. சொம்பு காலியாக உருண்டு கிடக்கிறது. தலை நனைந்திருக்கிறது. கேட்டதற்கு, "ஊத்திட்டேன், மிக்கேல்னு சொல்லிட்டேன்" என்றாள். செத்துப்போன எங்கள் அப்பா பெயர். மூணு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது.

மாமா சொன்னார், அவசரத்துக்குக் கொடுத்தாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான், இனி யாரும் மறுபடி கொடுக்க முடியாது. சின்னம்மா, அது கணக்கே இல்லை, பையன் வளர்ந்து கோமுகிக்குத் தானே வருவான் என்றாள். பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது, நல்ல தமிழ்ப் பெயர், தம்பி வைத்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கியும் எழுதலியே?"

"ஏண்டா, எழுத்துல இருந்தாத்தான் சாமிக்குத் தெரியுமா?" என்றாள் ஆயா.

"எழுதல" என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். இப்போது எழுதியிருக்கிறேன். அதனால்தான் ஊர்ப் பெயர் போடவில்லை, வீட்டார் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.